லிக் கட்டி வைத்த பிறகு குதிரை சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

எங்கள் லாயம் கடற்கரைப் பக்கம். ஆண்டில் பாதி நாள் புழுக்கம், கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் குதிரைகளை வெளியே விட முடியாது. ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் அவை அறைக்குள்ளேயே நிற்கின்றன. அந்த நேரத்தைப் போக்கத்தான் லிக் கட்டி, அதாவது குதிரை நக்குவதற்காகத் தொங்கவிடும் கட்டி, வாங்கத் தொடங்கினோம். நல்ல பொருள்தான். ஆனால் அதனால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கட்டியில் இல்லை, புல்லிலோ தண்ணீரிலோ கட்டித் தொங்கவிட்ட இடத்திலோதான் இருந்தது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் அந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்கள் லாயத்தில் தொங்குவது எது? கடையில் எல்லாவற்றையும் லிக் என்றே கேட்டு வாங்குகிறோம், ஆனால் மூன்றும் வேறு வேறு. இனிப்பு லிக் என்பது சர்க்கரையும் குளுக்கோஸும் சேர்த்துக் காய்ச்சி, ஆப்பிள், புதினா, கேரட் வாசனை போட்டு உறைய வைத்தது. கிட்டத்தட்ட ஒரு பெரிய மிட்டாய். உப்பு லிக் என்பது வெள்ளை உப்பை அழுத்திச் செய்த கட்டி, அல்லது வெட்டியெடுத்த இந்துப்புப் பாறை. இளஞ்சிவப்பு நிறத்தில் கயிறு கோத்து ‘ஹிமாலயன்’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்து இந்துப்பு. (அலெக்சாண்டர் படையின் குதிரைகள் அங்கே கல்லை நக்கியதைப் பார்த்துத்தான் உப்பு இருப்பது தெரிந்தது என்று ஒரு கதை உண்டு.) மூன்றாவது தாது உப்புக் கட்டி. இதில்தான் மாட்டுக்கானதும் குதிரைக்கானதும் குழம்பும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மூக்கு வழியாகத் தீவனமும் எச்சிலும் ஒழுகினாலும், மாட்டுக்கான கட்டியைத் தின்றுவிட்டாலும் மேலே படித்துக்கொண்டு இருக்க வேண்டாம். டாக்டருக்கு போன் செய்துவிட்டு அந்தப் பகுதிக்குப் போங்கள்.

இரவில் வைத்த கட்டி காலையில் காலி

என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மாலையில் கட்டிய 650 கிராம் இனிப்பு லிக், காலையில் பார்த்தால் கயிறு மட்டும் ஆடுகிறது. அரை கிலோவுக்குக் குறையாமல் இனிப்பு ஒரே இரவில் உள்ளே போயிருக்கிறது.

முதலில் புல்லைப் பாருங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போதுதான் ஊறும். வெளியே மேயும் குதிரை நாளில் 16 மணி நேரம் வரைக்கும் வாயை அசைத்தபடி இருப்பது அதனால்தான். லாயத்தில் ஆறு மணிக்குப் போட்ட புல் எட்டு மணிக்குத் தீர்ந்து, அடுத்த புல் விடிந்து ஆறு மணிக்கு என்றால் நடுவில் பத்து மணி நேரம் வெறும் வயிறு. அந்த நேரத்தில் எதிரில் தொங்குவது இனிப்புக் கட்டி மட்டும் என்றால் அது கட்டியைத் தின்னத்தான் செய்யும்.

உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்ந்த புல் ஒரு குதிரைக்கு வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதே அளவுக்கு 30 கிலோவுக்கு மேல் போட வேண்டி வரும். இதை நான்கைந்து பங்காகப் பிரித்து, கடைசிப் பங்கை இரவு பத்து மணிக்குச் சின்னக் கண் வலைப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். வலைக் கண் வழியாக இழுத்து இழுத்துத் தின்பதால் அதே புல் இரண்டு மடங்கு நேரம் வரும்.

புல் சரியாக இருந்தும் கட்டி காலியாகிறது என்றால் தொங்கவிட்ட விதத்தைப் பாருங்கள். எங்களிடம் ஒரு செவலைப் பெண் குதிரை. புல் மிச்சம் இருக்கும், கட்டி இருக்காது. ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு எதிர் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம் ஒழுங்காக நக்கினாள். அப்புறம் கட்டியை மூக்கால் தள்ளி மூலைக்குக் கொண்டுபோய், கன்னத்தால் சுவரோடு அழுத்திப் பிடித்து, முன்பல்லால் கறக் கறக் என்று சுரண்ட ஆரம்பித்தாள். நக்கினால் ஒரு வாரம் வரும் கட்டி, கடித்தால் ஒரு மணி நேரம்தான். மறுநாள் கொக்கியை அறையின் நடுவில் உள்ள உத்திரத்துக்கு மாற்றினோம். எந்தப் பக்கச் சுவரும் ஒன்றரை மீட்டருக்குள் இல்லை. இப்போது கட்டி நழுவி நழுவிப் போகிறது. அவளும் விடாமல் துரத்துகிறாள், ஆனால் நக்க மட்டும்தான் முடிகிறது.

உயரம்: குதிரை தலையை இயல்பாக வைத்து நிற்கும்போது கட்டி அதன் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். தாழ்வாகக் கட்டினால் காலால் உதைக்கும், கயிற்றில் குளம்பு மாட்டிக்கொள்ளும். கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு முடிச்சு மெல்லிய சணல் போடுங்கள். தலையோ காலோ சிக்கி இழுத்தால் அது முதலில் அறும். கட்டி தீர்ந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். இனிப்பும் உப்பும் ஊறிய நைலான் கயிற்றைக் குதிரை மென்று இழை இழையாக விழுங்கும், அது குடலில் போய் அடைக்கும்.

நான் இரவு முழுக்க இனிப்பு லிக்கை விடுவதே இல்லை. மதியம் புல் தின்று முடித்ததும் இருபது நிமிடம். அப்புறம் கழற்றி மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுவோம்.

முழுக் கட்டியையும் தின்றுவிட்ட குதிரையை அடுத்த ஒருநாள் கண்காணியுங்கள். அன்று கொள்ளும் ஓட்ஸும் வேண்டாம், புல்லும் தண்ணீரும் போதும். சாணம் வழக்கம்போல் விழுகிறதா, முன்காலால் தரையைச் சுரண்டுகிறதா, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறதா, படுத்து எழுந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. அது 50-ஐத் தாண்டினால் கோலிக் எனும் வயிற்று வலியாக இருக்கலாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குளம்பு சூடாக இருக்கிறது, நடக்கத் தயங்குகிறது

இது லேமினைடிஸாக இருக்கலாம், அதாவது குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் திசுவில் வரும் அழற்சி. சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறும். இன்சுலின் அளவுக்கு மீறி ஏறும் தன்மையுள்ள குதிரைகளுக்கு அதுவே குளம்பைக் கெடுத்துவிடும். கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்பு தடித்த குதிரைகள், குட்டையினப் போனிகள், வயதாகி முடி உதிராமல் சுருண்டு நீளும் குதிரைகள், முன்பே ஒருமுறை லேமினைடிஸ் வந்தவை: இவற்றுக்கு இனிப்பு லிக் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாகக் கொடுத்தால் பரவாயில்லை என்பதை இந்தக் குதிரைகள் விஷயத்தில் நான் ஏற்கமாட்டேன். வெல்லமும் அப்படித்தான். லிக்கை நிறுத்திவிட்டுப் பாசத்தில் வெல்லத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையால் பார்க்கும் முறை: குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்பக்கம், இரு ஓரத்திலும் விரலை மெதுவாக வையுங்கள். நல்ல குதிரைக்கு நாடி தேடித்தான் கிடைக்கும். லேமினைடிஸ் இருந்தால் திம் திம் என்று விரலைத் தள்ளும். முன்கால்களை நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் சந்தேகமே வேண்டாம். கட்டியையும் தானியத்தையும் உடனே எடுத்துவிட்டு, தரையில் மணலோ மரத்தூளோ கனமாகப் பரப்பி, நடக்க வைக்காமல் டாக்டரை வரவழையுங்கள். தினமும் இரண்டு நிமிடம் இந்த இடத்தைத் தொட்டுப் பழகினால்தான் மாறும் நாளில் தெரியும்.

மூக்கு வழியாக எச்சிலும் தீவனமும் வருகிறது

கட்டியை நக்காமல் உடைத்துத் தின்ற குதிரைக்குப் பெரிய துண்டு உணவுக்குழலில் சிக்கும். கழுத்தை நீட்டும், இருமும், பயந்துபோய்ச் சுற்றும், மூக்கில் பச்சையும் நுரையுமாக ஒழுகும். மூச்சுக்குழல் திறந்திருப்பதால் பொதுவாக மூச்சு நிற்காது. அந்தத் தைரியத்தோடு இதைச் செய்யுங்கள்: தீவனம், தண்ணீர், தரையில் உள்ள வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குதிரையை அமைதியாக, தலை தாழ்ந்திருக்கும்படி நிற்க விடுங்கள். டாக்டருக்குச் சொல்லுங்கள்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அடைத்திருக்கும் குழலில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். அடைப்பு நீங்கிய பிறகும் நிமோனியாவில் குதிரை போய்விடும்.

கட்டி மிச்சம் இருந்தால் சில்லு சில்லாக உடையும் ரகமா என்று பாருங்கள். எலுமிச்சை அளவுக்குத் தேய்ந்ததும் எடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

மாட்டுக்கான கட்டியைத் தின்றுவிட்டது

பால் மாடும் குதிரையும் ஒரே வளாகத்தில் இருந்தால் இது என்றாவது நடக்கும். இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று யூரியா. மாட்டுக்கான யூரியா மொலாசஸ் கட்டி நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கும். குதிரைக்கு அப்படியொரு வயிறு இல்லை, அதனால் பயனில்லை. நான்கைந்து நக்கில் ஒன்றும் ஆகாது, கட்டியையே தின்றால் அம்மோனியா ஏறும்.

இரண்டாவது மொனென்சின். இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சேர்க்கும் மருந்து இது. குதிரைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். மாடு தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இது. தீனி எடுக்காமை, வியர்வை, வயிற்று வலி, பின்கால் தள்ளாட்டம், தாறுமாறான நாடி. மாற்றுமருந்து கிடையாது, பிழைத்தாலும் இதயத் தசை கெட்டுப்போயிருக்கலாம். மேலுறையில் மொனென்சின், சாலினோமைசின், லசாலோசிட் என்ற பெயர்களில் எது இருந்தாலும், குதிரை நன்றாக நின்றாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். மீதியையும் உறையையும் எடுத்து வையுங்கள், அளவைக் கணக்கிட அவருக்கு அது வேண்டும். அறைக்குள்ளேயே நிற்க விடுங்கள், ஓட வைக்காதீர்கள்.

ஒரு கடையில் குதிரைக்கு என்று கேட்டபோதே எனக்கு மாட்டுக் கட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒண்ணுதான் சார் என்றார்கள். உறையைத் திருப்பிப் படித்ததால் தப்பித்தோம்.

உப்பு லிக்: தேய்வதே இல்லை, அல்லது வேகமாகத் தேய்கிறது

இதற்குத் தராசு போதும். மாதம் முதல் தேதி கட்டியைக் கழற்றி எடை போட்டு, சுவரில் எழுதி வையுங்கள். வேலை இல்லாத நாளில் 400 கிலோ குதிரைக்கு ஏறத்தாழ 20 கிராம் உப்பு தேவை. வியர்த்து வேலை செய்தால் 40 கிராமுக்குப் போகும், கோடையில் அதற்கும் மேலே. 2 கிலோ கட்டி ஒரு மாதத்தில் 600 கிராம் குறைந்தால் நாளுக்கு 20 கிராம், சரியான கணக்கு. வெறும் 100 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் நாளுக்கு மூன்று கிராம். குதிரையின் நாக்கு மாட்டு நாக்குபோல் சொரசொரப்பில்லை. பல குதிரைகளால் கட்டியிலிருந்து தேவையான உப்பை எடுக்கவே முடிவதில்லை. அவற்றுக்குத் தீவனத்தில் தூள் உப்பைக் கலந்து கொடுப்பதுதான் வழி. நாங்கள் தவிட்டில் பிசைந்து கொடுக்கிறோம்.

ஒரு வாரத்திலேயே கட்டி தீர்ந்தால், கடித்துத் தின்கிறதா, ரொம்ப நாள் உப்பில்லாமல் இருந்ததா, சும்மா நிற்கும் சலிப்பா என்று பாருங்கள். அதிக உப்பு தின்ற குதிரை அதிகம் குடிக்கும், படுக்கை முழுக்க ஈரமாகும். தண்ணீர் இருந்தால் சமாளித்துவிடும், இல்லாவிட்டால் ஆபத்து. நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். உப்புக் கட்டி தொங்கும் அறையில் தொட்டி காலியாகக் கிடக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரம் இழுத்துக் கரையும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும், இரும்புக் கொக்கியும் துருப்பிடித்துவிடும். அந்த இரண்டு மாதம் கட்டியை எடுத்துவிட்டுத் தூள் உப்பு மட்டும்தான்.

மண்ணை, சுவரை, மரத்தை நக்குகிறது, கடிக்கிறது

உப்புக் குறைவு என்று நினைத்து கட்டியை வைத்தும் நிற்கவில்லை என்றால் தீவனத்தைக் கேள்வி கேளுங்கள். நார் குறைந்தாலும் மரத்தைக் கடிக்கும். நம் ஊரில் இன்னொரு காரணம் உண்டு. கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், குதிரைக்குச் சேராது. அதோடு தவிடும் அதிகம் போட்டால், தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு என்பதால், உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். நாளடைவில் காரணம் தெரியாத நொண்டல் கால் மாறி மாறி வரும், தாடையும் முகமும் இரண்டு பக்கமும் தடிக்கும். தாதுக் கட்டியை நக்கி இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது, உள்ளே போகும் அளவு அவ்வளவு குறைவு. புல்லை மாற்ற வேண்டும். குதிரை மசால் (லூசர்ன் எனும் தீவனப் பயிர்) சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, ஆக்சலேட் தொல்லையும் அதில் பெரிதாக இல்லை. எவ்வளவு சேர்ப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயோரம் சிவப்பு

செர்ரி வாசனை லிக் நக்கிய குதிரையின் எச்சில் சிவப்பாகத்தான் வரும். முதல் தடவை பார்த்த எங்கள் பையன் நடுங்கிப்போனான். வெள்ளைத் துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனையும் ஒரே சீரான இளஞ்சிவப்பும் என்றால் சாயம்தான். நூல் நூலாக அடர்சிவப்பு இருந்தால் உதட்டைத் தூக்கி முன்பற்களையும் ஈறையும் நாக்கையும் பாருங்கள். கல்போன்ற கட்டியைக் கடித்துப் பல் விளிம்பு உடைந்திருக்கலாம், உடைந்த கட்டியின் கூர் நாக்கைக் கிழித்திருக்கலாம். காயம் ஆறும் வரை உப்பு லிக்கும் வேண்டாம், எரியும்.

கட்டி வைத்ததும் கோபம் வருகிறது

காதை மடக்கி, சுவரை உதைத்து, அடுத்த அறைக் குதிரையைக் கடிக்கப் பாய்கிறது என்றால் கட்டி அதற்குப் பொழுதுபோக்காக இல்லை, காவல் காக்கும் சொத்தாகிவிட்டது. பக்கத்துக் குதிரை பார்க்காத பக்கம் தொங்கவிடுங்கள், அல்லது எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வையுங்கள். சுழன்றுகொண்டே நக்கவிடாத பொம்மை வகை சில குதிரைகளுக்கு எரிச்சலைத்தான் கொடுக்கும், அவற்றுக்குச் சுவரில் பதிக்கும் தட்டே நல்லது.

கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கமுள்ள குதிரைக்கு இனிப்பு லிக் மருந்தாகும் என்று நம்பி வாங்காதீர்கள். இனிப்புத் தீனிக்குப் பிறகு அந்தப் பழக்கம் கூடுவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூடுதல் புல்லும், எதிரில் இன்னொரு குதிரையின் முகமும், தினமும் வெளியே விடும் நேரமும்தான் அதற்கு உதவும்.

எறும்பு, உருகல், தொடாமை

இனிப்பு லிக் நம் வெயிலில் பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டும். எறும்பு மொய்த்த கட்டியை அப்படியே மாட்டாதீர்கள், நாக்கில் கடித்தால் அந்தக் குதிரை அப்புறம் கட்டியிடம் போகாது. தண்ணீரில் அலசித் துடைத்து மாட்டுங்கள். எறும்புப் பொடியைக் கொக்கியிலோ சுவரிலோ தூவவே கூடாது. கயிற்றின் மேல்முனையில் வேப்பெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றினால் எறும்பு குறையும், ஆனால் குதிரைக்கு எட்டாத உயரத்தில்.

தொடாத குதிரையை வற்புறுத்த வேண்டாம். புது வாசனைக்கு இரண்டு நாள் கொடுங்கள். முன்பு ஆசையாக நக்கிய குதிரை திடீரென்று விட்டால் மட்டும் பல்லைப் பாருங்கள்.

சளி, இருமல் வந்தால்

கட்டியை இரண்டு குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மூக்குச் சளியும் எச்சிலும் ஒட்டிய கட்டி, ஸ்ட்ராங்கிள்ஸ் (தாடைக்கடியில் சுரப்பி வீங்கிச் சீழ் பிடிக்கும் நோய்) போன்ற தொற்றை அறை அறையாகக் கொண்டுபோகும். கிளாண்டர்ஸ் என்ற குதிரைகளின் பாக்டீரியா நோய் இந்தியாவில் இன்னும் தலைகாட்டுகிறது, மனிதருக்கும் பரவும், தடுப்பூசி கிடையாது. அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் அது. எங்களிடம் ஒவ்வொரு கொக்கியிலும் குதிரையின் பெயர் எழுதியிருக்கும். சளி வந்த குதிரையின் கட்டியைக் கழுவிச் சேமிக்க மாட்டோம், புதைத்துவிடுவோம். புதுக் குதிரை வந்தால் தனியாக வைத்திருக்கும் நாட்கள் முடியும் வரை அதற்குக் கட்டியே கிடையாது.

போட்டிக்குப் போகும் குதிரை

சாக்லேட் வாசனையும் கோகோவும் உள்ள லிக்கில் தியோப்ரோமின் இருக்கும். அதுவும் காஃபினும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப்பட்டியலில் உள்ளவை. மூலிகை சேர்த்தது என்று எழுதியிருந்தால் அதே பட்டியலில் வரும் வலேரியன் மூலிகையோ மிளகாயின் கேப்சைசினோ இருக்கிறதா என்று படியுங்கள். போட்டிக் குதிரைக்கு நான் வெறும் உப்பு லிக் தவிர வேறெதுவும் கட்டுவதில்லை. வேறு ஏதாவது கொடுத்திருந்தால் மேலுறையையும் தொகுப்பு எண்ணையும், கட்டியில் ஒரு துண்டையும் பரிசோதனை முடிவு வரும் வரை பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.